ஓர் உலை, மூன்று பேர்: கொல்கத்தா இரும்புக் கொல்லர்களின் தோழமை வரலாறு

முன்னுரை

உலையிலிருந்து எடுத்த செங்கனல் இரும்பு அடிக்கு இணங்கி நிற்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே. அதற்குள் ஒருவர் குறட்டால் இரும்பைப் பிடித்துத் திருப்பவேண்டும். இன்னொருவர் சம்மட்டியை ஓங்கி இறக்கவேண்டும். மூன்றாமவர் அடுத்த துண்டு காய்வதற்காகத் துருத்தியை ஊதியபடி இருக்கவேண்டும். பெரிய வேலை எதையும் தனியாளாக முடிக்கமுடியாத தொழில் இது. இரைச்சலுக்கு நடுவே பேச்சு எடுபடாது. மூத்த கொல்லர் சிறு சுத்தியலால் எந்த இடத்தில் தட்டுகிறாரோ அந்த இடத்தில்தான் சம்மட்டி விழவேண்டும். அவர் சுத்தியலைப் பட்டடையின் ஓரத்தில் சாய்த்துவிட்டால் அடி நிற்கவேண்டும். ஒருவர் கையை மற்றவர் நம்பாவிட்டால் அங்கே விரல் போகும், சிலவேளை உயிரும் போகும்.

கொல்கத்தாவின் கொல்லர்களைச் சாதி வரலாற்றின் பகுதியாகவோ தொழிற்சாலை வரலாற்றின் பகுதியாகவோ பார்ப்பது வழக்கம். இரண்டு பார்வைகளிலும் இந்த நம்பிக்கை விடுபட்டுப்போகிறது. கொல்லர்களின் தோழமைக்கு வேர் குலத்தில் இல்லை, வேலையின் இயல்பிலேயே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். குலமும் ஆலையும் கல்விக்கூடமும் அந்தத் தோழமைக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வடிவம் தந்தன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் இன்றுவரை அவ்வடிவங்கள் மாறிய வழியை இங்கே காணலாம்.

குலம் தந்த வடிவம்

வங்காளத்தில் இரும்புக் கொல்லரைக் காமார் என்றும், மதிப்பாகக் கர்மகார் என்றும் அழைக்கிறார்கள். தமிழ்நாட்டில் கொல்லர், தச்சர், தட்டார், கன்னார், கல்தச்சர் ஆகிய ஐவரும் கம்மாளர் என்ற ஒரே பெயரின்கீழ் நின்றவர்கள். வங்கத்தில் அப்படியொரு கூட்டு உருவாகவில்லை. யார் கையால் தண்ணீர் வாங்கப் பிராமணர் சம்மதிப்பார்களோ அந்த 'நவசாக' வகுப்பில் கர்மகார் இடம்பெற்றனர். மரவேலை செய்த சூத்ரதரும் பொன்வேலை செய்த ஸ்வர்ணகாரும் அந்த மதிப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். எச். எச். ரிஸ்லி 1891இல் வெளியிட்ட வங்காளச் சாதிகள் பற்றிய தொகுப்பு, மேதினிபூர்ப் பகுதியில் கொல்லர்களே உலோகவாரியாகப் பிரிந்திருந்ததைப் பதிவுசெய்கிறது. இரும்படிப்பவர், பித்தளை வேலை செய்பவர், பித்தளைக் கண்ணாடி செய்பவர் எனத் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. ஆகவே குலம் வங்கக் கொல்லரைப் பிற கைவினைஞரோடு இணைப்பதைவிடப் பிரித்ததே அதிகம்.

ஊரோடு கொல்லரை இணைத்தவை வேலையும் சடங்கும். ஏழு ஊர்களுக்குப் பொதுவான ஓர் உலையின் துருத்தியைக் குறுந்தொகையின் 172ஆம் பாடல் உவமையாகக் காட்டுகிறது. வங்கக் கிராமத்துக் கொல்லுப்பட்டறையான காமார்ஷாலாவும் அப்படிப்பட்ட பொது இடந்தான். கொழு கூராக்க வந்தவர்களும் அரிவாள் வாங்க வந்தவர்களும் முறைக்காகக் காத்திருந்து ஊர்ச்செய்தி பரிமாறிக்கொண்ட இடம் அது. காளி பூஜையில் பலியிடும் வாளை அடித்தவர் கொல்லர். பல இடங்களில் பலியிடும் உரிமையும் அவருடையதே. சித்திரை பிறப்பதற்கு முன்னர் நடக்கும் சரக் திருவிழாவில் பக்தர்களின் முதுகில் கொக்கியேற்றும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. 1865இல் அரசு அந்த வழக்கத்தைத் தடைசெய்தது. வலிமையும் நிதானமும் ஒருங்கே வேண்டிய செயல்களை ஊர் அவர் கையில் ஒப்படைத்திருந்தது. பொற்கொல்லரின் பல தட்டலும் இரும்புக் கொல்லரின் ஓர் அடியும் சமம் என்னும் வங்கப் பழமொழி இந்த மதிப்பிலிருந்து பிறந்தது.

கொல்கத்தா வளர்ந்தபோது கொல்லர்கள் நகருக்கு வந்தனர். காமார்டாங்கா, வடக்கே காமார்ஹாட்டி போன்ற பெயர்கள் அவர்கள் குடியிருப்பின் தடங்கள். கிராமத்தில் கொல்லருக்கு ஆண்டுக்கொரு முறை கூலியாகத் தானியம் அளக்கும் முறை நகரத்தில் மறைந்து கைமேல் காசு வந்தது. இரும்பும் மாறியது. அதற்குமுன் வீர்பூம் மாவட்டத்தின் சிற்றுலைகளில் மரக்கரியால் உருக்கிய நாட்டு இரும்பு சந்தைக்கு வந்துகொண்டிருந்தது. அங்கு இரும்பு எடுக்கும் உரிமையை 1774இல் இந்திரநாராயண் சர்மா கோரினார். சில ஆண்டுகளில் ஐரோப்பியரும் முயன்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலில் வந்த ஆங்கிலேயக் கம்பி இரும்பும் ராணிகஞ்ச் நிலக்கரியும் அந்த உலைகளை ஓரங்கட்டின. கொல்லர் தம் இரும்பு எந்த மண்ணில் பிறந்தது என்று அறிந்திருந்த காலம் அத்தோடு முடிந்தது.

எழுத்தும் எந்திரமும்

இந்தக் கட்டத்தில் கொல்லர் மரபினர் இருவரின் வரலாறு நமக்கு நேரடியாகக் கிடைக்கிறது. ஹூக்ளிக் கரையின் திரிவேணியைச் சேர்ந்த பஞ்சானன் கர்மகார், ஆங்கிலேயர் சார்லஸ் வில்கின்ஸுடன் இணைந்து வங்க அச்செழுத்துகளை உருவாக்கினார். அவற்றைக்கொண்டு ஹால்ஹெட்டின் வங்க மொழி இலக்கணம் 1778இல் ஹூக்ளியில் அச்சாயிற்று. அச்செழுத்துக்கு முதலில் எஃகுத் தண்டின் நுனியில் எழுத்தை இடவலம் மாற்றி வெட்டவேண்டும். பிறகு அந்த எஃகைப் பதமாகத் தோய்ச்சலிட்டு, செம்பில் அறைந்து அச்சுக்குழி எடுக்கவேண்டும். தோய்ச்சல் மிஞ்சினால் நுனி உடையும், குறைந்தால் மழுங்கும். எழுத்தறிவுக்கும் உலையறிவுக்கும் இடையிலிருந்த தூரத்தைக் கடந்தவர் பஞ்சானன்.

1800இல் தொடங்கிய செராம்பூர் மிஷன் அச்சகத்தில் அவர் மிஷனரி வில்லியம் கேரியிடம் சேர்ந்தார். 1804ஆம் ஆண்டளவில் அவர் இறந்தபின் மருமகன் மனோகர் கர்மகார் பொறுப்பேற்றுப் பல்லாண்டுகள் பல மொழிகளுக்கு எழுத்து வார்த்தார். மனோகரின் மகன் கிருஷ்ணசந்திரரும் இதே தொழிலில் இறங்கினார். 1812 மார்ச் 11இல் அச்சகம் தீக்கிரையானபோது எழுத்துகள் உருகிப்போயின; எஃகு அச்சுத்தண்டுகளும் அச்சுக்குழிகளும் இடிபாட்டில் தப்பிக் கிடைத்தன. உருகிய ஈயத்தைக்கொண்டே எழுத்துகளை மறுபடி வார்த்தார்கள். கிறித்தவ மிஷனின் அச்சகத்துக்கு எழுத்து செய்த இந்தக் கொல்லர் மரபினர் தம் தெய்வத்தை முன்னால் வைத்துக்கொண்டே வேலை செய்ததை அங்கு வந்த ஒரு பாதிரியார் எழுதியிருக்கிறார். நம்பிக்கையில் வேறுபட்டவர்கள் ஒரே வேலையில் ஒருவரையொருவர் சார்ந்திருந்த சூழல் அது.

இரண்டாமவர் டிட்டாகரைச் சேர்ந்த கொல்லர் கோலக்சந்திரர். எதிர்க்கரையிலிருந்த செராம்பூர்க் காகித ஆலைக்கு 1820இல் இங்கிலாந்திலிருந்து நீராவி எந்திரம் வந்தது. அதை மக்கள் நெருப்பு எந்திரம் என்று வியந்து பார்த்தனர். கோலக்சந்திரர் அதைக் கவனித்து, ஐரோப்பியக் கைவினைஞர் துணை எதுவுமின்றி, சிறிய நீராவி எந்திரம் ஒன்றைத் தாமே செய்தார். 1828 ஜனவரியில் கொல்கத்தா டவுன்ஹாலில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் நடத்திய கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. அவருக்கு 50 ரூபாய் பரிசும் கிடைத்தது. அந்தப் பரிசுக்குமேல் அவர் அறிவை வளர்த்தெடுக்க ஒரு நிறுவனமும் முன்வந்ததாகத் தெரியவில்லை என்பது இந்திய எந்திரவியல் வரலாற்றின் பேரிழப்பு. ஆர்வத்தாலும் பிழைப்பாலும் ஒருசேர உந்தப்பட்ட கொல்லர் என்ற வகைக்கு அவரே முதற்சான்று. பொழுதுபோக்குக் கொல்லர், தொழில்முறைக் கொல்லர் என்று இன்று நாம் வகுக்கும் கோடு அவர் உலையில் இல்லை.

ஆலைக்குள் உலை

பெரிய பணிமனைகளும் இதே நூற்றாண்டில் எழுந்தன. 1801இல் காசிபூரில் பீரங்கி வண்டிப் பணிமனை அமைந்தது. கித்தர்பூரின் கப்பல் கட்டும் தளத்திலிருந்து 74 பீரங்கி தாங்கும் 'ஹேஸ்டிங்ஸ்' போர்க்கப்பல் 1818இல் நீரிலிறங்கியது. ரயில் வந்தபின் ஜமால்பூரில் 1862இலும் காஞ்ச்ராபாராவில் 1863இலும் பணிமனைகள் எழுந்தன. ஹௌராவின் பணிகள் 1900இல் லிலுவாவுக்கு மாறின. பர்ன், ஜெசப் போன்ற நிறுவனங்களின் கூடங்களில் வரிசை வரிசையாக உலைகள் எரிந்தன. பீகாரிலிருந்து வந்த லோஹார் எனப்படும் கொல்லர்களும், மிஸ்திரி எனப்படும் முஸ்லிம் கைவினைஞர்களும், வங்கக் கர்மகார்களும் ஒரே கூரையின்கீழ் நின்றனர். குலம் பிரித்தவர்களை ஆலை பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தியது.

ஆனால் ஆலையிலும் உலையின் அடிப்படை மாறவில்லை. ரயில்வேப் பணிப்பட்டியலில் கொல்லருக்கு அருகிலேயே 'ஹேமர்மேன்' என்று சம்மட்டிக்காரருக்குத் தனிப் பதவி இருந்தது. ஓர் உலைக்கு ஒரு குழு என்ற பழைய அமைப்பு சம்பளப் பதிவேட்டிலும் நிலைத்தது. கையும் கண்ணும் பழகிய குழுவைப் பிரித்து வேறு உலைக்கு அனுப்பினால் வேலையும் பிசகும், ஆபத்தும் கூடும்.

இந்தக் குழுப் பழக்கம் உரிமைப் போராட்டத்துக்கு ஊற்றானது. 1862இல், ஜமால்பூர் பணிமனை திறந்த ஆண்டிலேயே, ஹௌரா ரயில் நிலையத்தில் சுமார் 1,200 தொழிலாளர் எட்டு மணி நேர வேலை கோரி நிறுத்தம் செய்ததாக அக்கால வங்க இதழ் 'சோம்பிரகாஷ்' எழுதியது. 1928இல் வேலைநிறுத்தப் போராட்டத்தின்போது லிலுவா பணிமனை மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது. மார்ச் இறுதியில் பாமன்காச்சியில் துப்பாக்கிச்சூடும் நடந்தது. மூன்று பேருக்குள் இருந்த நம்பிக்கை ஆயிரம் பேருக்குப் பரவிய வரலாறு இது.

அந்தக் குழுவேலையின் மாபெரும் நினைவுச்சின்னம் ஹௌரா பாலம். 1936இல் தொடங்கி 1943 பிப்ரவரியில் திறக்கப்பட்ட அப்பாலத்தில் சுமார் 26,500 டன் எஃகு உள்ளது. அதன் உறுப்புகளை இணைப்பவை ரிவெட்டுகள். ஒரு ரிவெட்டைச் சிவக்கக் காய்ச்ச ஒருவர், துளையில் செருக ஒருவர், பின்னாலிருந்து தாங்க ஒருவர், முன்னாலிருந்து அறைய ஒருவர் என நால்வர் வேண்டும். சூடு ஆறுவதற்குள் நால்வர் கையும் ஒத்துழைத்தால்தான் இணைப்பு இறுகும். பழைய காமார்ஷாலாவின் ஒழுங்கு ஆற்றின்மேல் உயரத்தில் மீண்டும் நடந்தேறியது.

கற்றவர் கையில் சுத்தியல்

1856இல் தொடங்கி 1880இல் ஷிப்பூருக்கு இடம்பெயர்ந்த பொறியியல் கல்லூரியும், சுதேசி எழுச்சியில் 1906இல் பிறந்த வங்கத் தொழில்நுட்பக் கழகமும் படித்த குடும்பத்துப் பிள்ளைகளைப் பணிமனைக்குள் அழைத்துவந்தன. கைவேலையைத் தாழ்வாகக் கருதிய நடுத்தர வர்க்கத்துக்கு உலையருகே நிற்பதே புதுப்பாடம். பாடநூலில் வெப்பநிலையைப் படித்தவர்கள், நிறத்தைப் பார்த்துச் சூட்டைச் சொல்லும் மிஸ்திரியிடம் கேட்டுத் தெளியவேண்டியிருந்தது.

இந்தச் சந்திப்பை ஆழமாக வாழ்ந்து காட்டியவர் சிற்பி மீரா முகர்ஜி (1923–1998). ம்யூனிக்கில் சிற்பம் பயின்று திரும்பிய அவர், பஸ்தரின் பழங்குடி உலோக வார்ப்பாளர்களிடம் மாணவியாகச் சென்று அமர்ந்தார். 1961 முதல் 1964 வரை இந்திய மானிடவியல் அளவைத்துறையின் ஆய்வுநல்கையில் நாட்டின் உலோகக் கைவினைஞர்களைத் தேடி அலைந்தார். அப்போது அத்துறைக்கு இயக்குநராக இருந்தவர், கொல்கத்தாவின் தொழிற்சமூகங்களை ஆராய்ந்த நிர்மல் குமார் போஸ். மீராவின் 'இந்திய உலோகக் கைவினைஞர்கள்' என்னும் ஆய்வுநூலை 1978இல் அத்துறையே வெளியிட்டது. அவர் தேடியது வார்ப்புத் தொழில். கொல்லரின் அடிப்புத் தொழிலிலிருந்து வேறானது. எனினும் பிழைப்புக்காகச் செய்பவரும் விருப்பத்துக்காகச் செய்பவரும் எந்த நிபந்தனையில் தோழராகலாம் என்பதற்கு அவர் வாழ்க்கை விடை தருகிறது. கற்றவர் கீழே அமர்ந்து கற்கச் சம்மதிக்கவேண்டும். கற்பித்தவரின் அறிவை அறிவென்றே எழுதிவைக்கவும் வேண்டும்.

விஸ்வகர்மா பூஜை

உலைக் குழுக்களை ஆண்டுதோறும் ஒன்றுசேர்த்த நாள் விஸ்வகர்மா பூஜை. நம் ஆயுத பூஜை சந்திர நாட்காட்டியின் நவமியில் வருவதால் ஆண்டுதோறும் தேதி நகர்கிறது. வங்கத்தில் பாத்ர மாதம் முடியும் நாளில், நமக்குப் புரட்டாசி பிறக்கும் வேளையில், பெரும்பாலும் செப்டம்பர் 17 அன்று விஸ்வகர்மாவை வழிபடுகின்றனர். அன்று உலை எரியாது. சம்மட்டியும் குறடும் கழுவித் துடைக்கப்பட்டு யானைமேல் அமர்ந்த தெய்வத்தின் முன் இருக்கும். முதலாளியும் மிஸ்திரியும் உதவியாளரும் ஒரே பந்தியில் உண்பார்கள். நகரத்து வானம் முழுவதும் பட்டங்கள். குலவழிபாடாகத் தொடங்கிய ஒன்று பட்டறை, அச்சகம், வாகனப் பழுதுக்கூடம் எனப் பரவித் தொழில்வழிபாடாக விரிந்தது. கர்மகாராகப் பிறக்காதவரும் இரும்போடு உழைத்தால் அந்தத் தெய்வத்துக்கு உரியவர் என்ற புரிதல் அதில் இருக்கிறது. இந்த ஆய்வின் வாதத்துக்கு அதைவிட வலுவான சமூகச் சான்று இல்லை.

தனியாளாகும் உலை

1960களின் நடுவில் ரயில் பெட்டி ஆணைகள் குறைந்தபோது ஹௌராவின் பொறியியல் தொழில் தளர்ந்தது. பர்ன் ஸ்டாண்டர்டு நிறுவனத்தை மூட 2018இல் மத்திய அரசு முடிவெடுத்தது. பெரிய கூடங்கள் ஓய்ந்தாலும் சிறு உலைகள் ஓயவில்லை. லாரியின் தேய்ந்த ஸ்பிரிங் பட்டையும் பழைய தண்டவாளத் துண்டும் இன்றைய கொல்லரின் எஃகு. அரிவாள்மணை, கத்தி, கொத்துக்கரண்டி, கடப்பாரை என அன்றாடத் தேவைப் பொருள்களை அவற்றிலிருந்து அவர் அடிக்கிறார். துருத்தியின் இடத்தை மின்விசிறி பிடித்தது. துருத்தி ஊதியவர் போனார். மின்சம்மட்டி உள்ள இடத்தில் சம்மட்டிக்காரரும் போனார். மூவர் நின்ற உலையில் ஒருவர் நிற்கிறார். கூலி மிச்சமானது உண்மை. உடலை முறிக்கும் உழைப்பு குறைந்ததும் நன்மையே. ஆனால் துருத்தி ஊதும் சிறுவனாக நுழைந்து, சம்மட்டி பிடித்து, கடைசியில் குறடு ஏந்தும் படிநிலைப் பயிற்சி அத்தோடு அறுந்தது. தொழிலைக் கற்பித்த அமைப்பே அந்தத் தோழமைதான்.

2023 விஸ்வகர்மா பூஜையன்று மத்திய அரசு தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டம் 18 கைத்தொழில்களில் கொல்லரையும் சேர்த்தது. கருவி வாங்க 15,000 ரூபாய், குறுகிய காலப் பயிற்சி, குறைந்த வட்டிக் கடன் ஆகியவை பயனுள்ளவை. ஆயினும் ஒரு குடும்பத்தில் ஒருவரே பதிவுசெய்யலாம் என்பது அதன் விதி. கைவினைஞரைத் தனிமனிதராகவே அது எண்ணுகிறது. உலையை ஓர் அலகாக எண்ணும் திட்டமே கொல்லர் தொழிலுக்குப் பொருந்தும்.

முடிவுரை

கொல்கத்தாக் கொல்லர்களின் இருநூறு ஆண்டு வரலாற்றில் குலம் பின்வாங்கியது, ஆலை வந்து போனது, இரும்பின் ஊற்றும் மாறியது. கூடிச் செய்யவேண்டிய வேலை இருந்தவரை தோழமை ஒவ்வொரு முறையும் புது வடிவம் எடுத்தது. மனோகரின் எழுத்துக்கூடம், லிலுவாவின் வேலைநிறுத்தம், ஹௌரா பாலத்தின் ரிவெட் குழு ஆகியவை ஒரே வேரின் கிளைகள். இப்போதுதான் முதல்முறையாக வேலையே தனியாளுக்கு உரியதாகிறது. ஆகவே இனித் தோழமை தானாக விளையும் என்று காத்திருக்கமுடியாது, திட்டமிட்டுத்தான் வளர்க்கவேண்டும். பொறியியல் கல்லூரிப் பணிமனைகளும் கலைக்கல்லூரிகளும் தெருவோர மிஸ்திரிகளை ஊதியம் பெறும் ஆசிரியர்களாக அழைக்கலாம். சுத்தியல் சைகைகளையும் தோய்ச்சல் நிறங்களையும் அவர்கள் பெயரோடு பதிவுசெய்யலாம். இரண்டு மூன்று கொல்லர் குடும்பங்கள் ஒரு மின்சம்மட்டியைப் பொதுவில் பயன்படுத்த உதவலாம். கோலக்சந்திரருக்கு 50 ரூபாயோடு நின்றுபோன ஆதரவை அவர் வழிவந்தவர்களுக்கு முழுமையாகத் தருவது இந்த நகரத்தின் கடன்.