முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள்

பஞ்சாபி தாபாக்களில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் அந்தப் படத்தை நாம் பார்த்திருப்போம். வெண்தாடி, ஒளிவட்டம், ஆசி தரும் கை. குரு நானக் என்று உடனே சொல்லிவிடுவோம். அவருக்கு இருபுறமும் உட்கார்ந்திருப்பவர்கள் யார்?

குருத்வாராவில் மக்கள் வணங்குவது குரு கிரந்த சாகிப் என்னும் நூலைத்தான், படத்தை அல்ல. ஆனாலும் நானக்கின் வாழ்க்கைக் கதைகளைச் சொல்லும் ஜனம்சாகிகளில் ஓவியம் தீட்டும் மரபு உண்டு. 1733-இல் உருவான பி-40 ஜனம்சாகியில் 57 ஓவியங்கள் உள்ளன. வரைந்தவர் ஆலம் சந்த் ராஜ். 'ராஜ்' என்றால் கொத்தனார்.

இந்த மரபில் ஆளைக் காட்டிக்கொடுப்பது கையில் இருக்கும் பொருள். ரபாப் என்னும் நரம்புக் கருவியோடு இருப்பவர் பாய் மர்தானா. பாட்டுப் பாடிப் பிழைத்த மிராசி சாதியில் பிறந்த முஸ்லிம். மயிற்பீலி வீசுபவர் பாய் பாலா, ஜாட் சாதியினர். கையில் வல்லூறு, தலைப்பாகையில் இறகு என்றால் குரு கோவிந்த் சிங். தறியில் இருப்பவர் கபீர். தோலும் குத்தூசியுமாகச் செருப்பு தைப்பவர் ரவிதாஸ். அவருடைய சுமார் 40 பாடல்கள் குரு கிரந்தத்திலேயே இருக்கின்றன.

சரி, 1699-இல் ஆனந்த்பூரில் கால்சா பிறந்த காட்சியைப் பாருங்கள். 'பஞ்ச் பியாரே' எனப்படும் ஐவரில் ஒருவர் கத்ரி, ஒருவர் ஜாட், ஒருவர் தண்ணீர் சுமப்பவர், ஒருவர் துணிக்கு அச்சிடுபவர், ஒருவர் நாவிதர். படத்தில் யார் எவர் என்று சொல்ல முடியாது. ஐவருக்கும் ஒரே உடை, ஒரே வாள். அவர்கள் முன்னே குருவே கைகுவித்து அமிர்தம் கேட்கிறார். சாதியின் அடையாளத்தை அழித்துக் காட்டுவதுதான் இந்தப் படத்தின் அரசியல்.

இன்னொரு படத்தில் ஒருவர் துணியில் பொதிந்த தலையை ஏந்தி நிற்கிறார். 1675-இல் டெல்லியில் வெட்டப்பட்ட குரு தேக் பகதூரின் தலை அது. ஆனந்த்பூர் வரை சுமந்து வந்தவர் துப்புரவுத் தொழில் சுமத்தப்பட்ட சாதியில் பிறந்த பாய் ஜைதா. சிறுவனாக இருந்த கோவிந்த் அவரைக் குருவின் மகன் என்று அணைத்துக்கொண்டதாக மரபு சொல்கிறது.

படம் இப்படி. ஊர்?

2011 கணக்கெடுப்பின்படி பஞ்சாப் மக்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். ஆனாலும் பல கிராமங்களில் சாதிக்கொரு குருத்வாரா, சாதிக்கொரு சுடுகாடு. ஜலந்தர் அருகே தல்ஹன் கிராமத்தில், ஊர்க் கோயில் நிர்வாகக் குழுவில் இடம் கேட்ட தலித்துகளுக்குக் கிடைத்தது சமூகப் புறக்கணிப்பு. 2003-இல் அது மோதலாக வெடித்த பிறகே குழுவில் இடம் கிடைத்தது. 2010-இல் ரவிதாசியர்களில் ஒரு பகுதியினர் தனி மதம் அறிவித்து, தனி நூலும் 'ஹர்' என்னும் தனிச் சின்னமும் எடுத்துக்கொண்டார்கள்.

குத்தூசி ஏந்திய ரவிதாஸை உழைப்பின் பெருமையாகவும் படிக்கலாம், எத்தனை நூற்றாண்டு போனாலும் சாதித் தொழிலோடு கட்டிவைத்த படமாகவும் படிக்கலாம். படத்தை மாட்டியிருக்கும் மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும்.

தோழர்களே, அடுத்த முறை இப்படி ஒரு படத்தின் முன் நிற்கும்போது கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் அந்தச் சாவி யாரிடம் என்று விசாரியுங்கள்.