பெயர்தான் தைபே

1949-ல் மாவோ படையிடம் தோற்று தைவானுக்கு ஓடிய கோமிண்டாங் தளபதிகளில் ஒருவர் பாய் சோங்ஷி. அவர் மகன் பாய் ஷியன்யுங் எழுதியதுதான் 'தைபே மனிதர்கள்' (1971). மொத்தம் 14 கதைகள். பெயர்தான் தைபே, ஆட்களின் மனசெல்லாம் ஷாங்காய், நான்ஜிங், குய்லின்!

எனக்குப் பிடித்தது குய்லின்காரி ஒருத்தி சொல்லும் கதை. தாத்தா ஊரில் நடத்திய நூடுல்ஸ் கடையின் பெயரையே தைபேயில் தன் சின்ன சாப்பாட்டுக் கடைக்கும் வைத்திருக்கிறாள். அங்கே சாப்பிட வரும் லூ வாத்தியார், ஊரில் விட்டுவந்த பெண்ணுக்காகக் காத்திருக்கிறார். (1987 வரை தைவான் அரசு யாரையும் ஊருக்குப் போகவே விடவில்லை.) அவளை வரவழைக்கச் சேர்த்த பணத்தை ஹாங்காங் சொந்தக்காரன் சுருட்டிவிட, மனுஷன் உடைந்துபோகிறார். அவர் செத்தபின் பாக்கி வசூலிக்க அறைக்குப் போகிறவள், சுவரிலிருந்த ஊர்ப் பாலத்தின் போட்டோவை எடுத்துக்கொள்கிறாள், கடையில் மாட்ட.