கோணமலைக் கல்

திருகோணமலைக்குப் போகிறவர்கள் கோணேசர் மலைமீது ஏறாமல் திரும்புவது அரிது. பக்தர் கும்பிட ஏறுகிறார். உல்லாசப் பயணி கடலைப் பார்க்க ஏறுகிறார். நாம் சில மாணவர்களோடு ஏறியது கல்லைப் பார்ப்பதற்காக. ஆலயத்தைப் பற்றியும் அரசர்களைப் பற்றியும் ஓயாமல் வாதாடுகின்ற நாம், அவர்களையெல்லாம் தாங்கி நின்ற பாறையைப் பற்றி வகுப்பறையில் வாய் திறப்பதேயில்லை.

ஏற்றம் ஒன்றும் கடினமன்று. பிரட்றிக் கோட்டையின் வாயிலுக்குள் நுழைந்து, படைமுகாமையும் மர நிழலில் மேயும் மான்களையும் கடந்து சென்றால் பாதை மெல்ல உயர்கிறது. உச்சியில், கிழக்கே, நிலம் சட்டென்று முடிந்துவிடுகிறது. முந்நூறு அடிக்கு மேல் செங்குத்தாக இறங்கும் பாறை. அடியில் நீலக் கடல். அங்கேதான் இராவணன் வெட்டு இருக்கிறது. தாயின் வழிபாட்டுக்காக மலையையே பெயர்த்துச் செல்ல முனைந்த இராவணன் வாளால் வெட்டிய பிளவு அது என்பது கதை. எட்டிப் பார்த்த மாணவன் ஒருவன், "சேர், உண்மையிலேயே யாரோ வெட்டியதுபோலத்தானே நேராக இருக்கிறது?" என்றான்.

கேள்வி நியாயமானது. கதையைக் கட்டியவனும் அந்தப் பிளவைக் கண்ணால் கண்டு, இது ஏன் இப்படி என்று கேட்டவன்தான். அவனை ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை. ஆனால் அவனுக்குக் கிட்டாத விடை இன்று புவிச்சரிதவியலாரிடம் இருக்கிறது.

மலை என்றால் கருங்கல் என்று பொதுப்படச் சொல்லிவிடுகிறோம். தம்புள்ளையில் காணும் வளைந்த முதுகுடைய கல்மலைகள் வெங்காயம் தோலுரிவதுபோல அடுக்கடுக்காக உரிந்து உருண்டவை. கோணேசர் மலையின் கல் அந்த வகையைச் சேர்ந்ததன்று, இது குவாட்சைட்டு. ஆதியில் இது ஏதோ ஒரு பழங்கடலின் ஓரத்தில் படிந்த வெறும் மணல். அந்த மணல் புதையுண்டு, கண்டங்கள் ஒன்றோடொன்று மோதியபோது இருபத்தைந்து கிலோமீற்றருக்கும் கீழே அமிழ்ந்து, எண்ணூறு பாகை அளவான வெப்பத்தில் வெந்தது. 60 கோடி ஆண்டுகளுக்கும் 55 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலம் அது. கொண்டுவானா என்னும் பெருங்கண்டம் உருவாகிக்கொண்டிருந்தது. இலங்கையும் தென்னிந்தியாவும் மடகாஸ்கரும் அந்தாட்டிக்காவும் ஒரே நிலமாக ஒட்டிக் கிடந்தன. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தாட்டிக்கா பிரிந்து விலகியது. மேலே கிடந்த பாறைச் சுமையை மழையும் வெயிலும் ஆறுகளும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அரித்து நீக்கின. பாரம் குறையக் குறைய அடியிலிருந்த பாறை விரிந்தது. குவாட்சைட்டு வளையாத கல். விரிந்தால் நேர்கோட்டில் வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் நீரும் உப்பும் புகுந்தன, அலை அதனை அகட்டியது. இராவணனுடைய வாள் இவ்வளவுதான்.

வடமேற்கே சில கல் தொலைவிலுள்ள கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் அதே இராவணன் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறோம். எரிமலை இல்லாத நாட்டில் வெந்நீர் எப்படி? மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கு சூடேறித் திரும்பி மேலே வருகிறது.

இந்நாட்டின் பாறைகளை முறையாக ஆராயத் தொடங்கியவர்களில் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி என்பதை மாணவர்களிடம் சொன்னோம். அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. நடராசர் சிற்பத்தைப் பற்றி எழுதிய கலை விமர்சகராகவே அவரை அறிந்திருந்தார்கள். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளராக இருந்தவர் அவரே. தோரியனைற்று என்னும் கனிப்பொருளை உலகுக்கு அறிவித்தவரும் அவரே. கல்லைத் தட்டிப் பார்த்த கைதான் பின்னர் சிற்பத்தைத் தொட்டது.

துறைமுகத்தின் கதையும் இந்தக் கல்லில்தான் தொடங்குகிறது. குவாட்சைட்டு எளிதில் உக்காது. அருகிலுள்ள மற்றப் பாறைகள் உக்கிக் களிமண்ணாகும், அல்லது நீரில் கரையும். ஆகவே வன்கல் மேடாக நிலைத்தது, மென்கல் பள்ளமாயிற்று. பனிக்கட்டிக் காலம் கழிந்து கடல்மட்டம் நூறு மீற்றருக்கு மேல் உயர்ந்தபோது பள்ளங்களில் கடல் புகுந்தது. மேடுகள் முனைகளாகவும் தீவுகளாகவும் மிஞ்சின. மகாவலி கங்கை வந்து சேரும் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் கடலடியில் மூவாயிரம் மீற்றருக்கும் ஆழமாக இறங்கும் பள்ளத்தாக்கு ஒன்றும் உண்டு. கரையோரத்திலேயே ஆழம், உள்ளே அமைதியான நீர், வாயிலில் காவல் நிற்கக் கற்குன்று: கப்பற்படை வைத்திருக்கும் வல்லரசுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வந்தார்கள். போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா 1620களின் தொடக்கத்தில் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக்கொண்டே 1624இல் கோட்டை எழுப்பினான். ஆலயத் தூணைச் செதுக்கிய சிற்பியின் பெயரும் நமக்குத் தெரியாது. அதையே சுமந்துசென்று மதிலில் அடுக்கிய கூலியின் பெயரும் தெரியாது. ஒல்லாந்தர் 1639இல் கைப்பற்றினர். 1782 என்னும் ஒரே ஆண்டில் ஆங்கிலேயரிடமும் பிரெஞ்சுக்காரரிடமும் மாறி மாறிச் சிக்கியது. 1795இல் ஆங்கிலேயர் வந்து நிலைத்தனர். சீனன்குடாவில் ஏறத்தாழ நூறு எண்ணெய்க் குதங்களை அவர்கள் கட்டினர். அதன் பயனாக 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் திருமலைமீது குண்டு பொழிந்தன. 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் வந்தது. குதங்களின் வழக்கு மட்டும் தீரவில்லை; அவற்றுள் 61ஐ இந்திய நிறுவனத்தோடு கூட்டாக நடத்த 2022 சனவரியில் ஒப்பந்தமாயிற்று.

பரங்கி போனபின்பும் கல்லை யாருடையது என்று கேட்பது ஓயவில்லை. கோகர்ண விகாரை என்கிறார் ஒருவர், கோணேசர் கோயில் என்கிறார் மற்றவர். 1968இல் ஆலயச் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது குறித்து ஆராய அமைச்சர் திருச்செல்வம் ஒரு குழுவை அமைத்தார். பிரதமர் டட்லி சேனநாயக்க அதனை நிறுத்தினார். அமைச்சர் பதவி துறந்தார்.

இறங்கி வரும்போது கோட்டை வாயிலில் நின்றோம். அங்கே ஒரு கல்லில் இரண்டு மீன்கள் பொறித்திருக்கின்றன. பக்கத்தில் சிதைந்த தமிழ் எழுத்துகள். ஆலயத்திலிருந்து பெயர்த்து வந்த கல் என்பர். மாணவன் மீன்களைப் பார்க்கவில்லை. கல்லின் ஓரத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "சேர், இது மலையிலிருந்து எடுத்த கல்லா, வேறெங்கிருந்தோ கொண்டுவந்ததா?" என்று கேட்டான். காவல் நின்ற சிப்பாயும் அப்போதுதான் அந்தக் கல்லைத் திரும்பிப் பார்த்தான்.