கையடக்க வானொலி வருடி

கையடக்க வானொலி வருடி என்பது, நினைவகத்தில் பதிந்து வைக்கப்பட்ட பல அலைவெண்களை ஒன்றன்பின் ஒன்றாக மிக விரைவாகச் சோதித்து, பேச்சு நிகழும் அலைவெண்ணில் நின்று அதனை ஒலிக்கச் செய்யும் சிறிய வானொலிப் பெறுவி ஆகும். இது ஸ்கேனர் என்றும் அழைக்கப்படுகிறது. தோற்றத்தில் வாக்கி டாக்கியை ஒத்திருந்தாலும் இதனால் கேட்க மட்டுமே முடியும், அனுப்ப முடியாது. ஐக்கிய அமெரிக்காவில் தீயணைப்பு, காவல், வான்போக்குவரத்து, கப்பல், தொடருந்து, வானிலை அறிவிப்பு ஆகியவற்றைக் கேட்க இக்கருவி பல பத்தாண்டுகளாகப் பரவலாகப் பயன்பட்டு வருகிறது. இதழாளர்கள், தன்னார்வத் தீயணைப்பாளர்கள், வானூர்தி மற்றும் தொடருந்து ஆர்வலர்கள் ஆகியோர் இதன் முதன்மைப் பயனர்கள்.

வருடியின் பயன், அதன் நினைவகத்தில் எவை பதியப்பட்டுள்ளன என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது. ஒரு கணத்தில் இக்கருவி ஓர் அலைவெண்ணை மட்டுமே கேட்கும். அந்நேரத்தில் மற்றவற்றில் நிகழ்வது அதற்குத் தெரியாது. எனவே இதனை நிரலாக்குதல், அதாவது அலைவெண்களைத் தேர்ந்து, வகுத்து, முன்னுரிமை தந்து பதிதல், இதனை இயக்குவதன் மையப் பகுதியாகும்.

வரலாறு

தொடக்கக் கால வருடிகளில் ஒவ்வோர் அலைவெண்ணுக்கும் அதற்கெனவே வெட்டப்பட்ட ஒரு குவார்ட்சுப் படிகம் தேவைப்பட்டது. புதிய அலைவெண் ஒன்றைக் கேட்க விரும்புபவர் புதிய படிகம் வாங்கிப் பொருத்த வேண்டியிருந்தது. 1970களின் நடுப்பகுதியில் எலெக்ட்ரா நிறுவனத்தின் பேர்கேட் 101 படிகங்களுக்கு மாற்றாக அலைவெண் தொகுப்பியைப் பயன்படுத்தியது. அதில் அலைவெண்களைக் குறியீட்டு நூலைப் பார்த்துச் சிறு நிலைமாற்றிகளால் அமைக்க வேண்டும். அப்பத்தாண்டின் பிற்பகுதியில் எண்விசைகள் கொண்ட கருவிகள் வந்தபின், அலைவெண்ணை நேரடியாகத் தட்டெழுத முடிந்தது. பேர்கேட் வணிகப்பெயர் 1980களில் யூனிடன் நிறுவனத்தின் வசமானது.

1997 இல் அலைவரிசைப் பகிர்வு முறையைப் பின்தொடரும் கையடக்க வருடியை யூனிடன் வெளியிட்டது. 2000களின் தொடக்கத்தில் எண்முறைப் பேச்சைக் கேட்கும் வருடிகள் தோன்றின. 2010 இல் வெளிவந்த ஹோம்பேட்ரோல் கருவியில் பயனர் தம் அஞ்சல் குறியீட்டை இட்டாலே அப்பகுதிக்குரிய அலைவரிசைகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. 2018 இல் வந்த எஸ்.டி.எஸ்.100, மென்பொருள்வழி வானொலி நுட்பத்தைக் கையடக்க வருடியில் புகுத்தியது.

செயற்படும் முறை

உணர்கொம்பு பெறும் குறிப்பலை, கருவிக்குள் உருவாக்கப்படும் மற்றோர் அலையுடன் கலக்கப்பட்டு நிலையான ஓர் இடைநிலை அலைவெண்ணுக்கு மாற்றப்படுகிறது. உள் அலையின் அலைவெண்ணை ஒரு நுண்செயலி மாற்றுவதால், பெறப்படும் அலைவெண்ணும் மாறுகிறது. இம்மாற்றம் மிக விரைவானது. பொதுவான கருவிகள் ஒரு நொடியில் பல பத்து அலைவரிசைகளைக் கடந்து செல்லும்.

எங்கே நிற்பது என்பதை ஸ்குவெல்ச் எனப்படும் இரைச்சல் தடுப்புச் சுற்று முடிவு செய்கிறது. குறிப்பலை இல்லாத இடத்தில் கேட்கும் இரைச்சலை இச்சுற்று அடைத்து வைக்கிறது. குறிப்பலை குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் சுற்று திறக்கிறது, வருடுதல் நிற்கிறது, பேச்சு ஒலிக்கிறது. ஸ்குவெல்ச்சைத் தளர்வாக வைத்தால் வருடி வெற்று இரைச்சலிலேயே நின்றுவிடும். மிக இறுக்கமாக வைத்தால் தொலைவிலிருந்து வரும் மெலிந்த குறிப்பலைகளைத் தாண்டிச் சென்றுவிடும். இரைச்சல் அடங்கும் இடத்திற்குச் சற்றே மேலாக வைப்பது நன்று.

அலைவெண்ணும் பண்பேற்றமும்

நிரலாக்குவோர் ஒவ்வொரு பதிவுக்கும் அலைவெண்ணுடன் பண்பேற்ற வகையையும் அறிந்திருக்க வேண்டும். வான்போக்குவரத்துப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையான பகுதியில் வீச்சுப் பண்பேற்றத்தில் நிகழ்கிறது. நில, கடல்சார் சேவைகள் பெரும்பாலும் அலைவெண் பண்பேற்றத்தைப் பயன்படுத்துகின்றன. வகை தவறாயின் சரியான அலைவெண்ணிலும் பேச்சு தெளிவற்றுக் கேட்கும். ஐக்கிய அமெரிக்காவில் பதியத்தக்க சில அலைவெண்கள் வருமாறு:

- 121.500 மெகாஹெர்ட்ஸ்: பன்னாட்டு வான்போக்குவரத்து அவசர அலைவெண், வீச்சுப் பண்பேற்றம்.
- 156.800 மெகாஹெர்ட்ஸ்: கடல்சார் 16ஆம் அலைவரிசை, அவசர உதவிக்கும் அழைப்புக்கும் உரியது, அலைவெண் பண்பேற்றம்.
- 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை, 0.025 இடைவெளியில் ஏழு அலைவெண்கள்: நோவா வானிலை வானொலி, அலைவெண் பண்பேற்றம்.

ஐக்கிய அமெரிக்காவில் 150 முதல் 174, 421 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் இயங்கிய நில நடமாடும் சேவைகள், 2013 சனவரி 1 முதல் 12.5 கிலோஹெர்ட்ஸ் குறும்பட்டைக்கு மாற வேண்டியதாயிற்று. இதனால் அகலப்பட்டைக்கு மட்டும் வடிவமைக்கப்பட்ட பழைய வருடிகளில் பேச்சு மிகத் தாழ்ந்து கேட்கும். இது கருவியின் பழுது அன்று. புதிய கருவிகளில் குறும்பட்டை அலைவெண் பண்பேற்றத்தைத் தேர்ந்தால் சரியாகும்.

நிரலாக்கம்

வருடியின் நினைவகம் அலைவரிசைகளாகவும், அவற்றின் குழுக்களான தொகுதிகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக யூனிடன் பி.சி.125ஏ.டி. கருவியில் 500 அலைவரிசைகள், தொகுதிக்கு 50 என 10 தொகுதிகளில் அமைந்துள்ளன. விசைகளின் பெயர்கள் கருவிக்குக் கருவி மாறினாலும் படிமுறை பெரும்பாலும் பின்வருமாறு அமையும்:

1. வருடுதலை நிறுத்தி, பதிய வேண்டிய அலைவரிசையின் எண்ணுக்குச் செல்ல வேண்டும்.
2. நிரலாக்க நிலைக்கு மாறி அலைவெண்ணைப் புள்ளியுடன் தட்டெழுதி உறுதிசெய்ய வேண்டும்.
3. பண்பேற்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
4. அந்த அலைவெண்ணைப் பலர் பகிர்ந்துகொண்டால், விரும்பிய குழுவின் துணைத்தொனியை அமைக்க வேண்டும். பேச்சுடன் கலந்து அனுப்பப்படும் இத்தாழ்ந்த தொனி பொருந்தினால் மட்டுமே ஒலி திறக்கும். தொனி தெரியாதபோது, கருவியின் தொனி தேடும் வசதியைப் பயன்படுத்தலாம்.
5. பேச்சு முடிந்தபின் காத்திருக்கும் நேரத்தை அமைக்க வேண்டும். கேள்விக்கு வரும் மறுமொழியைத் தவறவிடாதிருக்க 2 நொடிகள் பொதுவாகப் போதும்.
6. அலைவரிசைக்குப் பெயர் இட வேண்டும். பெயரில்லாப் பதிவுகள் சில நாள்களிலேயே எவருடையவை எனத் தெரியாமற் போகும்.

பதிவு சரியானதா எனச் சோதிக்க வானிலை அலைவெண் எளிய வழியாகும். நோவா நிலையங்கள் இடைவிடாது ஒலிபரப்புவதால், அருகில் நிலையம் இருப்பின் உடனே கேட்கும். எனினும், அதே காரணத்தால் அதனை வருடும் பட்டியலில் வைக்கக் கூடாது. வைத்தால் வருடி அங்கேயே நின்றுவிடும். மற்ற எவையும் கேட்கமாட்டா.

கணினியுடன் கம்பிவடத்தால் இணைத்தும் பெரும்பாலான இக்காலக் கருவிகளை நிரலாக்கலாம். கணினியிலிருந்து எழுதும்போது பழைய பதிவுகள் அழியக்கூடும் என்பதால், கருவியில் உள்ளதை முதலில் படித்துச் சேமிப்பது நல்லது. உரிமம் பெற்ற அலைவெண்களை ஐக்கிய அமெரிக்கக் கூட்டரசுத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் உரிமத் தரவுத்தளத்திலும், ரேடியோரெஃபரன்ஸ் என்னும் பயனர் தொகுத்த தரவுத்தளத்திலும் தேடலாம்.

தேர்வும் முன்னுரிமையும்

நினைவகம் முழுவதையும் நிரப்புவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழையாகும். நொடிக்கு 100 அலைவரிசைகளைச் சோதிக்கும் கருவி ஒன்றில் 60 அலைவரிசைகள் பதியப்பட்டுள்ளன எனக் கொள்வோம். எங்கும் பேச்சு இல்லையெனில் ஒரு சுற்று 0.6 நொடியில் முடிந்துவிடும். ஆனால் நான்கு அலைவரிசைகளில் தலா 5 நொடிப் பேச்சும், அதன்பின் 2 நொடிக் காத்திருப்பும் நேர்ந்தால் அதே சுற்றுக்கு ஏறத்தாழ 28 நொடிகள் ஆகும். அவ்விடைவெளியில் 6 நொடி நீளமுள்ள தீயணைப்பு அழைப்பு ஒன்று தொடங்கி முடிந்துவிடலாம். கருவி சரியாக இயங்கியும் தேவையான ஒரே செய்தி தவறிப்போகும்.

இதனைக் குறைக்கப் பின்வரும் வசதிகள் உள்ளன:

- தொகுதிகள்: தீயணைப்பு, வானூர்தி, தொடருந்து எனத் தனித்தனியே வகுத்து, தேவையற்ற தொகுதிகளை அணைத்து வைக்கலாம்.
- முன்னுரிமை: ஓர் அலைவரிசையை முன்னுரிமை உடையதாகக் குறித்தால், வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதும் கருவி சில நொடிகளுக்கு ஒருமுறை அதனைச் சோதிக்கும்.
- விலக்கல்: இரைச்சலோ தொடர் குறிப்பலையோ உள்ள அலைவரிசையைத் தற்காலிகமாக அல்லது நிலையாகத் தாண்டிச் செல்லச் செய்யலாம்.
- தேடுதல்: பதியப்படாத அலைவெண்களைக் கண்டறிய, இரு எல்லைகளுக்கு இடைப்பட்ட பகுதியைப் படிப்படியாகச் சோதிக்கலாம்.

உணர்கொம்பும் மின்கலமும்

கருவியுடன் வரும் குட்டையான நெகிழ் உணர்கொம்பு எல்லா அலைவெண்களுக்கும் ஓரளவே பொருந்தும். கால் அலைநீள உணர்கொம்பின் தோராய நீளத்தை மீட்டரில் அறிய 75 ஐ மெகாஹெர்ட்ஸ் அளவால் வகுக்கலாம். 150 மெகாஹெர்ட்ஸுக்கு இது 50 சென்டிமீட்டர். 450 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். இவ்வலைவெண்களில் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், சாளரத்தருகே அல்லது உயரமான இடத்தில் வைத்துக் கேட்பது அதிகப் பயன் தரும். வலிமையான நிலையம் ஒன்றின் அருகே இருக்கும்போது உள்ளிடப்படும் குறிப்பலையைக் குறைக்கும் தணிப்பியை இயக்க வேண்டும்.

மீண்டும் மின்னேற்ற இயலாத கார மின்கலங்களைக் கருவிக்குள் வைத்து மின்னேற்றக் கூடாது. அவை கசிந்து கருவியைக் கெடுக்கக்கூடும். சில கருவிகளில் மின்கல வகையைக் குறிக்கும் நிலைமாற்றி மின்கலப் பெட்டிக்குள்ளேயே உள்ளது.

கேட்க இயலாதவை

அலைவெண் சரியாக இருந்தும் பேச்சு கேட்காமைக்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, அலைவரிசைப் பகிர்வு முறை. இதில் ஒரு கட்டுப்பாட்டு அலைவரிசை ஒவ்வொரு பேச்சுக்கும் காலியான ஓர் அலைவெண்ணை ஒதுக்குகிறது. எனவே உரையாடல் ஓர் அலைவெண்ணிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும். இதனைப் பின்தொடரும் திறனுள்ள வருடி தேவை. இரண்டாவது, எண்முறைப் பேச்சு. சாதாரண வருடியில் இது வெறும் உறுமலாகக் கேட்கும். பி25 போன்ற அம்முறைக்குரிய வருடி தேவை. மூன்றாவது, மறையாக்கம். உரிய திறவுகோல் இன்றி இதனைக் கேட்கச் சந்தையில் உள்ள எந்த வருடியாலும் இயலாது.

ஐக்கிய அமெரிக்காவில் காவல்துறைகள் மறையாக்கத்திற்கு மாறுவது அண்மை ஆண்டுகளில் விவாதத்திற்கு உரியதாயிற்று. டென்வர் காவல்துறை 2019 இல் மாறியது; நியூயார்க் நகரக் காவல்துறை 2023 இல் மாறத் தொடங்கியது. குற்றவாளிகள் காவலரின் நகர்வை அறிவதையும், பாதிக்கப்பட்டோரின் பெயர், முகவரி போன்ற விவரங்கள் வெளியாவதையும் இது தடுக்கும் என்பது ஆதரிப்போர் வாதம். நிகழ்விடத்திற்கு இதழாளர்கள் உடனே செல்லவும், காவலரின் செயல்களைப் பொதுமக்கள் கவனிக்கவும் இருந்த வழி அடைபடும் என்பது எதிர்ப்போர் வாதம்.

சட்டம்

கருவியை வைத்திருத்தல், கேட்டல், கேட்டதை வெளியிடுதல் ஆகியவற்றைச் சட்டங்கள் வெவ்வேறாகக் கருதுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் பொதுமக்கள் எளிதில் பெறத்தக்க, மறையாக்கம் செய்யப்படாத காவல், தீயணைப்புப் பேச்சைக் கேட்பதை 1986 ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு அந்தரங்கச் சட்டம் தடுக்கவில்லை. செல்லிடத் தொலைபேசி உரையாடல்களைக் கேட்பது குற்றமாகும். அவ்வலைவெண்களைப் பெறும் வருடிகளை உற்பத்தி செய்வதும் இறக்குமதி செய்வதும் 1994 ஏப்ரல் முதல் தடை செய்யப்பட்டுள்ளன. இத்தடைக்குப் பின்னரும், 1996 திசம்பரில் புளோரிடாவில் ஒரு தம்பதியர், குடியரசுக் கட்சித் தலைவர் நியூட் கிங்ரிச் பங்கேற்ற செல்லிடத் தொலைபேசி உரையாடலை வருடிமூலம் கேட்டுப் பதிவு செய்தனர். உரையாடல் 1997 சனவரியில் நாளிதழில் வெளியானது. தம்பதியருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. மாநிலச் சட்டங்களும் மாறுபடும். நியூயார்க் மாநிலத்தில் காவல்துறை அலைவெண்களைப் பெறும் கருவியை ஊர்தியில் வைத்திருக்க அனுமதி தேவை, உரிமம் பெற்ற பயில்நிலை வானொலியாளர்களுக்கு விலக்கு உண்டு.

ஐக்கிய இராச்சியத்தில் வருடியை வாங்கலாம். ஆயினும் தமக்கோ பொதுமக்களுக்கோ உரியதல்லாத செய்திகளைக் கேட்பதை 2006 ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் குற்றமாக்குகிறது. இந்தியாவில் கம்பியில்லாக் கருவியை உரிமமின்றி வைத்திருப்பதை 1933 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அதற்கு மாற்றாக 2023 இல் இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டமும் வானொலிக் கருவிகளை வைத்திருக்க அனுமதி வேண்டும் என்கிறது. எனவே ஒரு நாட்டில் சட்டப்படி வாங்கிய வருடியை மற்றொரு நாட்டிற்கு எடுத்துச் செல்லுமுன் அந்நாட்டு விதிகளை அறிதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

- பயில்நிலை வானொலி
- பண்பேற்றம்
- உணர்கொம்பு
- மறையாக்கம்