ஜீவனாம்சம் கட்டாத தகப்பனும் சட்டமும்

பெண்டு பிள்ளைகளைத் தவிக்கவிட்டுத் தோட்டம் மாறிப் போனவர்களின் கதை நம் லயங்களுக்குப் புதிதல்ல.

1950-இல் மலாயாவில் மணமான பெண்கள், குழந்தைகள் பராமரிப்புச் சட்டம் வந்தது. தகப்பன் மாதந்தோறும் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். முறையாக மணக்காத தாய்க்குப் பிறந்த பிள்ளைக்கும் இந்த உரிமை உண்டு. திருமணப் பதிவு கட்டாயமானதோ 1982 மார்ச் முதல் தேதியிலிருந்துதான். பத்திரம் இல்லையே என்று கலங்கிய தாய்மாருக்கு அந்தப் பழைய சட்டம் பெரிய தெம்பு. (முஸ்லிம்களுக்குச் சட்டம் வேறு.)

உத்தரவை மீறினால்? பாக்கியை அபராதம் போல வசூலிக்கலாம். அல்லது பாக்கி நிற்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையில் அடைக்கலாம். ஆனால் சிறையில் இருப்பவன் பால்மரம் வெட்டுவதெப்படி? அவனுக்குச் சம்பளம் இல்லை. பிள்ளைக்குச் சோறும் இல்லை.

1968-இல் வந்த சட்டம்தான், என் எண்ணத்தில், கெட்டிக்காரச் சட்டம். நீதிமன்றம் உத்தரவிட்டால் முதலாளியே சம்பளத்தில் பிடித்துக் கட்டிவிட வேண்டும். கள்ளுக்கடைக்குப் போகுமுன்பே பணம் தோட்டத்து ஆபீசில் நின்றுவிடும். ஆள் வேறு தோட்டத்துக்கு ஓடிவிட்டால் மட்டும், அந்த ஆபீசில் பிடிக்கச் சம்பளம் இராது. பாவம், தாய் மறுபடியும் நீதிமன்றப் படி ஏற வேண்டியதுதான்.