பேராயர் அசரியாவின் பழக்கம்

அவயவங்கள் பல, சரீரம் ஒன்று என்ற பவுலின் உவமையை எடுத்தாளாத சபை மலர் இல்லை. அதை நடைமுறையில் செய்துகாட்டியவர் ஒருவர் நம் திருநெல்வேலிச் சீமையிலேயே உண்டு.

வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912இல் டோர்னக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. எனக்கு அந்தப் பட்டத்தைவிடப் பெரிதாகப் படுவது அவருடைய ஒரு பழக்கம். கிராமச் சபைகளுக்குப் போனால், ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தம் தலைமேல் தாமே கைவைக்கச் சொல்வார். நற்செய்தி சொல்லாமலிருந்தால் தமக்குக் கேடு என்னும் பவுலின் வாக்கைச் சொல்லவைப்பார். அவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாத தலித் விவசாயக் கூலிகள். படித்தவர் பேசட்டும், நாம் கேட்போம் என்று ஒருவரும் ஒதுங்க முடியாது.

1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை உருவாக்கியபோதும் அதே பிடிவாதம்தான்: ஆளும் பணமும் நிர்வாகமும் நம்முடையதாக இருக்க வேண்டும். உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை ஆலயத்துக்கென எடுத்துவைத்த நெல்லைப் பெண்களுக்கு இது புதுச் செய்தியல்ல.

நம்மவரே சபையைத் தாங்க முடியுமா என்ற சோதனை சிங்கப்பூருக்கு ஜப்பானியர் காலத்தில் வந்தது. 1943 மார்ச்சில் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயர் வில்சன் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார். ஐரோப்பியப் போதகர்கள் இல்லாத அந்த ஆண்டுகளில் ஆங்கிலிக்கன் சபையைத் தாங்கியவர்கள் டி. டி. செல்லையா போன்ற ஆசியப் போதகர்களும் சாதாரண விசுவாசிகளும்தான்.

இன்று சிங்கப்பூரில் நம் சபைகளில் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. பொறுப்புகள் மட்டும் சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றுகின்றன. ஞாயிறு மாலை தேக்காவுக்கு வரும் வேலை அனுமதிக்காரர்களில் சிலர், டோர்செட் சாலை ஆலயத்திலோ ஷார்ட் ஸ்திரீட் ஆலயத்திலோ ஓபிர் சாலை லூர்து மாதா ஆலயத்திலோ வந்து உட்காருகிறார்கள். அப்படி வருகிறவருக்கு நாம் சாப்பாடு போடுகிறோம். அவரிடம் ஒரு வேலையும் கேட்பதில்லை. ஊரில் ஞாயிறு பள்ளி நடத்தியவராகவோ ஆலயத்தில் தபேலா வாசித்தவராகவோ அவர் இருக்கக்கூடும். விடுதியில் அடுத்த கட்டிலில் காய்ச்சலாய்க் கிடப்பவனுக்காக ஜெபிக்க அவரைவிட அருகில் இருப்பவர் யார்?

வேதபாட வாசிப்புப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்ப்பது கடினமான காரியமல்ல. வேலை முறை நேரத்தை முன்பே கேட்டுப் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமையும் கூடுதல் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டால் வாசிக்க, இன்னொருவர் பெயரையும் கூடவே எழுதிவைக்க வேண்டும்.