பரஸ்பர சம்மத மணமுறிவு மனு

பிரிவது என்று கணவனும் மனைவியும் சேர்ந்தே முடிவெடுத்து, இருவருமே மனுதாரர்களாக நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் மனு இது. எதிர்மனுதாரர் என்று ஒருவர் இதில் இல்லை. இந்து திருமணச் சட்டம் 1955இல் இயற்றப்பட்டபோது இதற்கு வழி வைக்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டுத் திருத்தம்தான் 13பி பிரிவைச் சேர்த்தது. பதிவுத் திருமணம் செய்துகொள்வோருக்கான 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்திலோ இந்த உரிமை தொடக்கம் முதலே 28ஆம் பிரிவாக இருந்தது. கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தில் 10ஏ பிரிவாக 2001இல் வந்தது. இஸ்லாமியச் சட்டத்தில் இதையொத்தது முபாரத். இக்கட்டுரை 13பி மனுவைப் பற்றியது.

முதலில் ஒரு பரவலான தவறு. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் ‘விடுதலைப் பத்திரம்’ எழுதி, ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையும் வாங்கிவிட்டால் திருமணம் முறிந்தது என்று தமிழ்நாட்டில் இன்றும் பலர் நம்புகிறார்கள். ஒரு சமூகத்தில் நெடுங்காலமாக நிலவும் மணமுறிவு வழக்கத்தைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு காப்பாற்றுவது உண்மைதான். ஆனால் அப்படியொரு வழக்கம் இருக்கிறது என்பதை அதைச் சொல்பவரே மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்க முடியாவிட்டால் பத்திரம் வெறும் தாள். அதை நம்பிச் செய்த மறுமணம் செல்லாது, இருதாரக் குற்றமும் ஆகலாம்.

மனுப் போட மூன்று நிபந்தனைகள் உண்டு. தம்பதி ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ முடியாத நிலை வேண்டும். பிரிய இருவரும் ஒப்பியிருக்க வேண்டும். பிரிந்து வாழ்தல் என்றால் வேறு வேறு வீடு என்று பொருளில்லை. கணவன் மனைவியாக வாழாதவரை, ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் பிரிவுதான் என்று சுரேஷ்டா தேவி வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பிரிந்த தேதியை மனுவில் தெளிவாக எழுதுவது அவசியம். ஓராண்டுக் கணக்கு அதிலிருந்துதான் ஓடுகிறது.

திருமணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகியவற்றுக்கு அதிகாரமுள்ள நீதிமன்றத்தில் மனுவைத் தாக்கல் செய்யலாம். மனைவி இப்போது வசிக்கும் ஊரும் 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் கணக்கில் வருகிறது. குடும்ப நீதிமன்றம் இருக்கும் நகரில் அங்கேயும், இல்லாத ஊர்களில் பெரும்பாலும் சார்பு நீதிமன்றத்திலும் தாக்கலாகும்.

மனுக் கட்டில் இணை மனு, இருவரின் பிரமாணப் பத்திரங்கள், வழக்கறிஞர் வைத்தால் வக்காலத்து, திருமண அழைப்பிதழ், திருமணப் படம், பதிவுச் சான்று இருந்தால் அதன் நகல், இருவரின் ஆதார் அல்லது வேறு முகவரிச் சான்று, குழந்தை இருந்தால் பிறப்புச் சான்றிதழ் ஆகியவை இருக்கும். கூட்டுச்சதி எதுவும் இல்லை என்ற வாசகத்தைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு மனுவில் கேட்கிறது. அழைப்பிதழில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர், தந்தை பெயரின் முதலெழுத்தில் மாற்றம் போன்ற சில்லறைக் காரணங்களுக்காகவே மனு ‘ரிட்டர்ன்’ ஆகி, எண்ணிடப்படாமல் திரும்பி வருவது வழக்கம்.

மனுவைவிட அதிக உழைப்பைக் கேட்பது உடன்பாட்டுப் பத்திரம். நீதிபதியின் முன் விசாரணை சில நிமிடங்களில் முடியலாம். பின்னாளில் சண்டை வருவது இந்தப் பத்திரத்தில் எழுதாமல் விட்ட வரிகளால்தான். ‘நகைகள் திருப்பித் தரப்படும்’ என்று எழுதினால் போதாது. எத்தனை பவுன், என்னென்ன உருப்படி, எந்தத் தேதியில், யார் கையில் என்று எழுத வேண்டும். ஜீவனாம்சம் மொத்தத் தொகையாகவா மாதாமாதமா, மொத்தம் என்றால் எத்தனை தவணை, டிமாண்ட் டிராஃப்ட் எந்தக் கட்டத்தில் கைமாறும் என்பதும் வேண்டும். கடைசித் தவணையை வாக்குமூல நாளன்று நீதிமன்றத்திலேயே கொடுப்பது இரு தரப்புக்கும் பாதுகாப்பு. இருவர் பெயரிலும் வாங்கிய வீட்டுக்குக் கடன் நிலுவையில் இருந்தால், தம்பதி தங்களுக்குள் எழுதிக்கொண்ட ஏற்பாடு வங்கியைக் கட்டுப்படுத்தாது; கடனிலிருந்து ஒருவரை விடுவிக்க வங்கி தனியாக ஒப்ப வேண்டும்.

குழந்தை யாரிடம் வளரும் என்று எழுதுவதோடு நிறுத்தாமல், மற்றவர் பார்க்க வரும் நாள், கோடை விடுமுறை, பள்ளிக் கட்டணம், பாஸ்போர்ட்டுக்கான கையெழுத்து வரை பேசி முடிப்பது நல்லது. ‘குழந்தைக்கு இனி எதுவும் கேட்க மாட்டேன்’ என்று தாய் எழுதிக் கொடுத்தாலும், பராமரிப்புப் பெறும் குழந்தையின் உரிமை அதனால் அழியாது. வரதட்சணைக் கொடுமை வழக்கு நிலுவையில் இருந்தால் அதற்கும் ஒரு பத்தி வேண்டும். அந்த வழக்கை மனைவி தானாகத் திரும்பப் பெற்றுவிட முடியாது. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுப் போட்டுத்தான் முடிக்க வேண்டும்.

மனு தாக்கலான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குப் பிறகு, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மீண்டும் வந்து சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும். தமிழ்நாட்டில் பொதுவாக ஒரே மனு அதுவரை ஒத்திவைக்கப்படும். டெல்லியிலோ முதல் மனு, இரண்டாம் மனு என்று தனித்தனியாகப் போடுவார்கள். இந்த ஆறு மாதம் கட்டாயமல்ல, நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஓராண்டோடு ஆறு மாதமும் சேர்த்து ஏற்கெனவே பிரிந்திருப்பது, சமரச முயற்சி தோற்றது, பணமும் குழந்தையும் பற்றிய பேச்சு முடிந்தது ஆகியவற்றை அதற்கான தனி மனுவில் காட்ட வேண்டும். உடன்பாட்டுப் பத்திரம் முழுமையாக இருப்பதன் பயன் இங்கேயும் தெரியும்.

தீர்ப்பு வரும்வரை இருவரில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதும் சுரேஷ்டா தேவி தீர்ப்பில் நிலைநாட்டப்பட்டதே. ஒருவர் வராமல் போனால், அவர் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று ஸ்ம்ருதி பஹாரியா வழக்கில் 2009இல் சொல்லப்பட்டது. ஆகவே பணம் முழுவதையும் முதல் நாளே கொடுத்துவிட்டுக் காத்திருப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

குடும்ப நீதிமன்றத்தில் கவுன்சலரைச் சந்தித்த பின், இருவரும் நிரூபண வாக்குமூலம் தாக்கல் செய்ய, ஆவணங்களுக்குக் குறியீடு இடப்படும். மிரட்டலோ ஏமாற்றோ இன்றிக் கையெழுத்திட்டார்களா என்று நீதிபதி நேரில் கேட்டுத் தெளிவடைவார். விவரங்களை வெளியிட 22ஆம் பிரிவு தடை விதிக்கிறது. திருமணத்தை முறிக்கும் தீர்ப்பாணையின் நகல் இரு தரப்புக்கும் கட்டணமின்றித் தரப்பட வேண்டும் என்று 23ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு சொல்கிறது. பலர் இதை அறியாமல் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் துணையின் பெயரை நீக்க அந்த நகல் உதவும். காப்பீட்டு பாலிசியிலும் வங்கிக் கணக்கிலும் உள்ள நாமினி பெயர் தீர்ப்பால் தானாக மாறுவதில்லை. ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும்.